பின்வரிசையிலிருந்து வந்த பேஸ்

பேஸ் கிட்டார் என்றால் பின்னால் நின்று 'தும் தும்' என்று துணைபோகும் வாத்தியம் என்றுதான் பலருக்கும் நினைப்பு. அமெரிக்கர் ஜாகோ பாஸ்டோரியஸ் அதைப் பாட வைத்தார். வீணையில் மெட்டு என்கிறோமே, அந்த உலோகத் தடுப்புகள் அவருடைய கிட்டாரில் கிடையாது. அவை இருந்த பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸி பூசிய வழுவழுப்பான கழுத்து. விரல் வழுக்கினால் சுரமும் கூடவே வழுக்கும்.

1977-இல் அவர் இருந்த வெதர் ரிப்போர்ட் குழு வெளியிட்ட 'பேர்ட்லேண்ட்' இசையைக் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் உச்சத்தில் ஒலிக்கும் அந்த இசை, சாதாரண கிட்டார் போலத் தோன்றும். பேஸ்தான் அது! இடது கை கம்பியை அழுத்த, வலது கைக் கட்டைவிரல் அதே கம்பியை லேசாகத் தொட, மற்ற விரல் மீட்டிய ஒலி.