பரிசில் யார் பேர் இருக்கணும்?

பாத்திரக் கடையில் குத்துவிளக்கோ குடமோ வாங்கினதும், "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். நாமும் மறக்காமல் எழுதிக் கொடுப்போம். யார் பேரை? கொடுக்கிறவர் பேரை! எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் தாய்மாமன், ஒன்றுவிட்ட சித்தப்பா, ஆபீஸ் நண்பர்கள் என்று எல்லார் பேரும் பாத்திரத்தில் இருக்கும். தினமும் அதைத் தேய்த்துக் கவிழ்க்கிறவள் பேர் மட்டும் இருக்காது.

துணியில் பேர் போடும்போதுதான் இந்த வழக்கம் மாறுகிறது. இதில் வாங்கிக்கொள்கிறவர் பேர்தான் வரும். வீட்டில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிற நான், மூணு வருஷமா விசேஷங்களுக்கு இப்படித்தான் பரிசு கொடுக்கிறேன். குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று துண்டு, புதுக் குடித்தனத்துக்குத் தலையணை உறை, பெரியவர்களுக்குக் கைப்பை.

போன தீபாவளிக்கு எங்கள் பெரியத்தைக்கு அவர் பேரைத் தமிழில் போட்டு ஒரு தலையணை உறை கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, "என் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்ப யாருடி இருக்கா? தெருவுல வாத்தியார் சம்சாரம், வீட்டுல அம்மா, பேரப் பிள்ளைகளுக்கு ஆச்சி. இது எனக்கே எனக்கா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதுவே இங்கிலீஷ் எழுத்தாக இருந்திருந்தால், அவருக்கு அது வெறும் பூ வேலைதான்!

சிக்கல் இங்கேதான். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துதான் உள்ளேயே வரும். தமிழ்ப் பேரை கம்ப்யூட்டரில் தையல் டிசைனாக மாற்றி மெஷினுக்குக் கொடுக்கணும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்கிற கடைகளில் கேட்டால் காசு வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், 'இங்க் ஸ்டிட்ச்' என்ற இலவச சாஃப்ட்வேரில் அவர்களே செய்துவிடலாம்.

செய்து பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு சில குறிப்புகள்:

* சின்ன மெஷினின் வளையத்தில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுதான் தைக்க முடியும். நீளமான பேரை இரண்டு வரியாகப் பிரியுங்கள். 'ண', 'இ', 'ஜ' போன்ற எழுத்துகளின் சுழி, எழுத்து சின்னதானால் நூலில் அடைபட்டுப் போகும்.

* புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். புள்ளி மறைந்தால் 'வள்ளி' 'வளளி' ஆகிவிடும்!

* பருத்தித் துணியை முதலிலேயே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பிறகு சுருங்கினால் பேரும் சேர்ந்து சுருங்கும்.

* துணிக்கு அடியில் பேக்கிங் பேப்பர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தையல் இழுத்துக்கொள்ளும். பூத்துவாலை என்றால், தண்ணீரில் கரைகிற மெல்லிய ஷீட்டை மேலேயும் வைத்துத் தையுங்கள். துண்டின் நூல் வளையங்கள் எழுத்துக்கு நடுவே எட்டிப் பார்க்காது.

* அடிக்கடி துவைக்கிற துணிக்கு பாலியஸ்டர் நூல் நல்லது. ரேயான் பளபளப்பாக இருக்கும், ஆனால் ப்ளீச்சிங் பட்டால் தாங்காது.

* குழந்தைச் சட்டையில் தையலின் பின்பக்கம் உடம்பில் உறுத்தும். மெல்லிய மல் துணியை உள்பக்கம் வைத்து மூடித் தைத்துவிடுங்கள்.

மெஷின் இல்லையே என்று யாரும் யோசிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் தலையணை உறையில் 'குட் நைட்', 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்று பூவும் கிளியுமாகப் போட்டோமே, அது கையால் போட்டதுதானே! பேரைப் பென்சிலால் எழுதி, அதன் மேலேயே சங்கிலித் தையல் போட்டால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லணும். அக்கம்பக்கத்தில், "பேர்தானே, சும்மா போட்டுக் குடுங்களேன்" என்று கேட்பார்கள். பரிசாக நாமே கொடுப்பது வேறு, அடுத்தவர் கேட்டுத் தைப்பது வேறு. நூல், பேப்பர், கரன்ட் எல்லாம் காசு. அதற்கு மேல் நம் கண்ணும் முதுகும் இருக்கிறது. கூலியை முன்னாடியே சொல்லிவிட்டால் உறவும் கெடாது.

மாமியார், நாத்தனார், வேலைக்கு வரும் அம்மா, ஊரில் தனியாக இருக்கும் சித்தி... இவர்கள் பேர் எழுதின பொருள் ஒன்றாவது இவர்களிடம் இருக்கிறதா? அடுத்த விசேஷத்துக்குக் கடைக்குக் கிளம்பும் முன் இதைக் கொஞ்சம் யோசியுங்களேன்!

— ஒரு வாசகி, தஞ்சாவூர்