பரணில் கிடக்கும் வால்வு ரேடியோவைப் பாட வைப்பது எப்படி?



1960-களின் நடுவில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு நெல் ரகத்துக்கு ஜனங்களே ஒரு பேர் வச்சாங்க. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்ற ரகம் அது. வானொலியில் சொல்லக் கேட்டு விதைச்சதால் அதுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துட்டுது. அந்தச் சேதியைக் கேட்ட ரேடியோக்களில் சில இன்னும் நம்ம வீட்டுப் பரணில் கிடக்கலாம். குளவி கூடு கட்டி, எலி ஒயரைக் கடிச்சு, பாதிச் சாமான் காணாமல் கிடக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு முயற்சி செய்து பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

செய்யலாம். முதல் தடவை செய்கிறவரும் செய்யலாம். அதே சாமான் இன்று கிடைக்காது, வேறே சாமானை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்று தெரிந்தால் போதும். தெரியாமல் செய்தால் ரேடியோவும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

முதலில் மின்சாரம் வேண்டாம்

பரணிலிருந்து இறக்கினதும், "பாடுதா பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. பல வருஷம் சும்மா கிடந்த கண்டென்சர் உள்ளே காய்ந்து போயிருக்கும். கரண்ட் போனதும் ஷார்ட் ஆகி, நல்லா இருக்கிற வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும்.

பின் மூடியைக் கழற்றுங்க. செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வச்சுக்குங்க. மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்க. டயல் கண்ணாடியில் ஊர்ப் பேர் எழுதின பக்கத்தைத் தண்ணி போட்டுத் துடைக்காதீங்க. எழுத்து துணியோடு வந்துவிடும். ரப்பர் போட்ட பழைய ஒயர் பொருக்குப் பொருக்காய் உதிரும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

உங்க ரேடியோ எந்த ஜாதி?

இப்போ வால்வுகளின் மேலே எழுதியிருக்கும் நம்பரைப் படியுங்க. முதல் எழுத்து 'இ' என்றால், அந்த வால்வின் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பிக்கு 6.3 வோல்ட் வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒவ்வொரு வால்வுக்கும் அது தனித்தனியாகப் போகும். முதல் எழுத்து 'யு' என்றால், எல்லா வால்வும் ஒரே வரிசையில், ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குக் கரண்ட் போகிற மாதிரி கோர்த்திருக்கும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுகிற இந்த மாதிரி செட்டில் பெரிய டிரான்ஸ்பார்மரே இருக்காது.

இந்த 'யு' செட்டில்தான் ஆபத்து அதிகம். பிளக்கின் ஒரு கால் நேராக உள்ளே இருக்கும் தகரச் சட்டத்தில், அதாவது சேஸிஸில், சேர்ந்திருக்கும். பிளக் திரும்பிச் சொருகியிருந்தால் அந்தத் தகரம் முழுக்க 230 வோல்ட். திருகி உடைந்து இரும்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதைத் தொடுவது கரண்ட் கம்பியைத் தொடுவதுதான்.

உங்க செட் எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிளக்கைச் சொருகாமலே ரேடியோவின் சுவிட்சைப் போட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு காலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பாருங்க. ஏதாவது ஒரு காலில் சுழி அல்லது மிகக் குறைந்த ஓம் காட்டினால், சேஸிஸ் மின்சாரத்தோடு சேர்ந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செட்டுக்கு எர்த் கொடுக்கக் கூடாது. ஒன்றுக்கு ஒன்று என்று சுற்றின, 100 வி.ஏ. அளவுள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதைத் திறந்து வைத்து வேலை பார்க்கவும் கூடாது. அது இல்லாதவங்க, தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வச்சுக்குங்க.

ஒரே வாய்க்கால், நாலு வயல்

வால்வு விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்றேன். நான் முதலில் கை வச்சது எங்க சித்தப்பாவின் 'யு' செட். அதில் கடைசி வால்வு யு.சி.எல். 82 போயிட்டுது. அது கிடைக்கலை. பி.சி.எல். 82 கிடைச்சுது. பார்க்க ஒரே மாதிரி, கால் ஒன்பதும் ஒரே மாதிரி, உள்ளே செய்கிற வேலையும் அதே. "எல்லாம் ஒண்ணுதான், போடு தம்பி" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். போட்டேன். மற்ற வால்வுகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிஞ்சுது. சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாளில் நல்லா இருந்த இன்னொரு வால்வும் போயிட்டுது.

ஏன் அப்படி ஆச்சு? ஒரே வாய்க்கால் நாலு வயல் வழியாகப் போகிற மாதிரி, இந்த வரிசையில் எல்லா வால்வுக்கும் ஒரே அளவு, 100 மில்லி ஆம்பியர்தான் ஓட வேண்டும். கணக்குப் பாருங்க. யு.சி.எச். 81-க்கு 19 வோல்ட், யு.பி.எஃப். 89-க்கு 19, யு.சி.எல். 82-க்கு 50, யு.ஒய். 85-க்கு 38. கூட்டினால் 126 வோல்ட். வருவது 230. மீதி 104 வோல்ட்டை ஒரு பெரிய ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 104-ஐ 0.1 ஆம்பியரால் வகுத்தால் 1,040 ஓம். அது 10 வாட்டுக்கு மேல் சூடாகும். அதனால் மாற்றும்போது 1,000 ஓம், 20 வாட், கம்பி சுற்றினது போட்டால் சரி.

பி.சி.எல். 82-க்கு வேண்டியது 16 வோல்ட், 300 மில்லி ஆம்பியர். யு.சி.எல். 82 சுமார் 500 ஓம் தடுக்கும். இது 53 ஓம்தான் தடுக்கும். மடை உடைந்த மாதிரி கரண்ட் 120 மில்லி ஆம்பியர் வரைக்கும் ஏறி, மற்ற வால்வுகளைக் கருக்கிவிட்டது. புது வால்வுக்கோ அது அரைச் சூடுகூட இல்லை. ஜோடி சேராத மாட்டை ஏரில் பூட்டின கதைதான். ஆகவே, வால்வில் எண் மட்டும் பொருந்தினால் போதாது. முதல் எழுத்தும் பொருந்த வேண்டும்.

கண்டென்சரில் ஒப்பேற்றலாம்

பம்ப்செட்டில் கண்டென்சர் போனால் மோட்டார் உறுமிக்கிட்டே நிற்பதைப் பார்த்திருப்பீங்க. ரேடியோவிலும் பழுதுக்குப் பெரும்பாலும் காரணம் கண்டென்சர்தான். ஆனால் இங்கே நல்ல சேதி, அளவு அப்படியே கிடைக்கணும் என்ற அவசியமில்லை.

மெழுகு பூசின பழைய காகிதக் கண்டென்சரில் .05 மைக்ரோ பாரட் என்று இருந்தால், இப்போ கிடைக்கிற .047 போடலாம். .02 என்றால் .022 போடலாம். பெரிய குழாய் மாதிரி இருக்கும் பில்டர் கண்டென்சரில் 16-க்கு 22, 32-க்கு 33, 50-க்கு 47. இரண்டு 22-ஐப் பக்கவாட்டில் சேர்த்தால் 44. அதுவும் 50-க்குப் போதும். வோல்ட் மட்டும் பழையதைவிடக் குறையவே கூடாது. பில்டருக்கு 450 வோல்ட் என்று கேட்டு வாங்குங்க. கூட்டல், கழித்தல் பக்கம் மாறினால் வெடிக்கும். "பெருசாப் போட்டா நல்லதுதானே" என்று 220 மைக்ரோ பாரட் போடாதீங்க. சுவிட்ச் போட்டதும் அது இழுக்கிற இழுப்பில் ரெக்டிபையர் வால்வு செத்துவிடும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கடைசி வால்வின் கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டு போகிற கண்டென்சர். அது கசிந்தால் அந்த வால்வு கொதித்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியும். அதனால் கரண்ட் கொடுப்பதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்க. இரண்டாவது, 'யு' செட்டில் ஏரியல் துளைக்கும் உள் சுற்றுக்கும் நடுவில் இருக்கும் கண்டென்சர். வெளியே தொங்குகிற ஏரியல் கம்பிக்குக் கரண்ட் வராமல் காப்பது இதுதான். இங்கே சாதாரணக் கண்டென்சர் வேண்டாம். 'ஒய் 2' என்று முத்திரை உள்ளதைத்தான் போட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாமானை மாற்றுங்க. பழையதை வெட்டி, புதியதைச் சால்டர் செய்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்க. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டால் திரும்ப வைக்க வழி தெரியாது.

ரெசிஸ்டர், ஸ்பீக்கர்

பழைய ரெசிஸ்டரின் ஓம் வருஷம் போகப் போக ஏறும். ஒரு காலைக் கழற்றி மீட்டரில் பாருங்க. எழுதின அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் மாற்றுங்க. மஞ்சள், ஊதா, மஞ்சள் என்று வளையம் இருந்தால் அது 470 கிலோ ஓம். அது இல்லையா? 220 கிலோ ஓம் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் 440, அது போதும். ரெசிஸ்டர் வரிசையாய்ச் சேர்ந்தால் கூடும், கண்டென்சர் பக்கவாட்டில் சேர்ந்தால் கூடும். இதை மறக்காதீங்க.

ஸ்பீக்கர் கிழிந்திருந்தால், 4 ஓம் இருந்த இடத்தில் 8 ஓம் போட்டாலும் பாடும். சத்தம் கொஞ்சம் குறையும். ஆனால் ஸ்பீக்கரே இல்லாமல் ரேடியோவைப் போடக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு அது ஆகாது.

சின்னத் தகர டப்பாக்களின் மேலே திருகாணி மாதிரி ஒன்று தெரியும். 455 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி கம்பெனியில் அளந்து வைத்தது அது. லூசாக இருக்கிறதென்று தயவுசெய்து திருகாதீங்க.

பல்பு காவல்

இப்போ கரண்ட் கொடுக்கலாம். பின்பக்கம் வோல்ட்டேஜ் மாற்றும் கட்டை 220 அல்லது 240-ல் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. பிறகு, 60 வாட் குண்டு பல்பை ரேடியோவுக்கு முன்னால் ஒரே ஒயரில் வரிசையாய்ச் சேருங்க. எல்.இ.டி. பல்பு இதுக்கு உதவாது. சுவிட்ச் போட்டதும் பல்பு கொஞ்சம் எரிந்து, பிறகு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட்டுத் தேடுங்க.

மீட்டர் வைக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வச்சுக்குங்க. காலில் ரப்பர் செருப்பு, தரையில் ஈரம் இல்லாமை, இரண்டும் வேண்டும். அணைத்த பிறகும் பில்டர் கண்டென்சரில் கரண்ட் தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி அதன் இரண்டு முனையிலும் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்க. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

'ங்ங்' என்று உறுமினால் பில்டர் கண்டென்சரைப் பாருங்க. உறுமல் இருந்து நிலையம் வராவிட்டால், 10 மீட்டர் உறையுள்ள ஒயரை ஏரியலாகக் கட்டுங்க. கரண்ட் கம்பிக்கு அருகே வேண்டாம். எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் மத்திய அலையில் கரகரப்பு உண்டாக்கும். அதை அணைத்துவிட்டுக் கேளுங்க.

இன்னொன்று. வேலையை ஆரம்பிக்கும் முன்பே, மத்திய அலை உள்ள ஒரு சின்ன ரேடியோவை இரவல் வாங்கி, உங்க ஊரில் எந்த நிலையம் கேட்குது என்று பாருங்க. பழைய வால்வு செட் பெரும்பாலானவற்றில் எஃப்.எம். வராது. காற்றில் நிலையமே இல்லாமல் ரேடியோவைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை.

சித்தப்பாவின் செட்டுக்குச் சரியான யு.சி.எல். 82 பிறகு ஒரு பழைய சாமான் கடையில் கிடைச்சுது. போன மற்ற வால்வையும் தேடிப் பிடிச்சேன். பாதிச் சாமான் அசல், பாதிச் சாமான் புதுசு. வால்வு சூடாக அரை நிமிஷம் ஆச்சு. அப்புறம் மெதுவாகக் குரல் எழும்பி வந்துது. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒண்ணும் பேசலை. திருகியை மட்டும் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

உங்க பரணிலும் ஒன்று இருந்தால், இறக்கித் தூசி தட்டிப் பாருங்க. பிளக்கை மட்டும் கடைசியில் சொருகுங்க.