டிகானா: ஒரே நாவல், ஓயாத வழக்கு

நாட்டைப் பிடித்துக்கொண்ட ஒருவனை அந்த நாட்டுப் பெண் மனதார நேசித்தால், அந்தக் காதலுக்காக நாம் கண் கலங்கலாமா? கய் கேவ்ரியல் கே எழுதிய ‘டிகானா’ நாவலைப் படித்தவர்கள் இந்தக் கேள்வியை விட்டு நகர்வதே இல்லை. 1990இல் வந்த புத்தகம். இன்றும் புதிதாகப் படித்து முடிக்கிறவர்கள் நேராக இந்தச் சண்டைக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

காவியப் பாங்கிலான ஃபேன்டஸி என்றால் மூன்று பாகம், பத்துப் பாகம் என்று நீளுவதுதான் வழக்கம். கேவும் முதலில் மூன்று பாக வரிசை ஒன்றை எழுதியவர்தான். அதற்கு முன்னால், இளைஞராக இருந்தபோது, டோல்கீன் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளிலிருந்து ‘சில்மரில்லியன்’ நூலைத் தொகுக்க அவருடைய மகன் கிறிஸ்டோபருக்கு உதவியிருக்கிறார். அந்த நூல் 1977இல் வந்தது. இவ்வளவு பெரிய மரபுக்கு அருகில் இருந்தவர், தன் நான்காவது நாவலை ஒரே புத்தகமாக எழுதி முடித்து மூடிவிட்டார். ‘டிகானா’ கனடாவின் அரோரா விருதைப் பெற்றது. முன்கதையும் பின்கதையும் கிடையாது. இதைப் பற்றிய சண்டை இவ்வளவு காலம் ஓயாமல் இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மனம் ஆறாத வாசகர் அடுத்த பாகத்துக்குக் காத்திருக்க முடியாது. இருக்கிற பக்கங்களுக்குள்ளேயே தன் தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும்.

கதை நடக்கும் இடம் மறுமலர்ச்சிக் கால இத்தாலியை நினைவூட்டும் ஒரு தீபகற்பம். அதன் ஒன்பது மாகாணங்களும் தங்களுக்குள் அடித்துக்கொண்டு கிடக்கின்றன. கடல் கடந்து வந்த இரண்டு மந்திரவாதி அரசர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிறார்கள். மேற்கே பிராண்டின், கிழக்கே ஆல்பெரிகோ. அந்த மாகாணங்களில் ஒன்றான டிகானா எதிர்த்துப் போரிடுகிறது. முதல் போரில் பிராண்டினின் அன்பு மகன் ஸ்டீவன் சாகிறான். மகனைப் பறிகொடுத்த தகப்பன் பெரும்படையோடு வந்து அந்த நாட்டை நொறுக்குகிறான். அதோடு விடவில்லை. டிகானா என்ற பெயரையே மந்திரத்தால் அழிக்கிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. சொன்னாலும் மனதில் நிற்காது. அந்த மக்களின் கடைசி ஆள் சாகும்வரை மந்திரத்தைக் கட்டிக்காக்க வேண்டும் என்பதற்காகத் தன் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறான். மந்திரத்தால் தன் ஆயுளையும் நீட்டிக்கொள்கிறான்.

டியனோரா அந்த நாட்டுப் பெண். அவனைக் கொல்வதற்கென்றே வேறு மாகாணத்தவள் போல நடித்து அவனுடைய அந்தப்புரத்துக்குள் நுழைகிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடுகின்றன. அரசவையில் ஒருநாள் வேறொருவன் பிராண்டினைக் கொல்ல முயலும்போது, யோசிக்க நேரமில்லாத அந்தக் கணத்தில், அவளே அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். எந்த நிமிடத்துக்காக அவள் வாழ்ந்தாளோ அது கைக்கு எட்டியபோது உடம்பு மனதைக் கேட்காமல் முடிவெடுக்கிறது. அவள் என்ன ஆகிவிட்டாள் என்பது அவளுக்கே அங்கேதான் தெரிகிறது.

வாசகர்கள் இங்கே இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் கொதிக்கிறார்கள். ஓர் இனத்தின் அடையாளத்தையே அழித்தவனுக்கு இசை ரசனை, நுட்பமான அறிவு, மகனை இழந்த துயரம் எல்லாவற்றையும் கொடுத்து, கடைசியில் ஒரு காதலையும் கொடுத்தால் கொடுமை மங்கிப்போகாதா என்கிறார்கள். அவனிடம் சிறைப்பட்டவளுக்கு வருவது காதலே அல்ல, அடிமைத்தனம் மனதில் ஏற்படுத்தும் திரிபு என்றும் வாதிடுகிறார்கள். இன்னொரு சாராருக்கு நாவலின் உயிரே இந்தப் பகுதிதான். டிகானாவின் இளவரசன் அலெஸான் மாறுவேடத்தில் ஊர் ஊராகத் திரிந்து சதி தீட்டும் பகுதிகளைவிட டியனோராவின் அத்தியாயங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம் என்கிறார்கள்.

முதல் தரப்பின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாவல் பிராண்டினை மன்னிக்கிறது என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன். பின்பாதியைக் கவனித்துப் படித்தால் கே வைத்திருக்கும் கணக்கு தெரியும். பிராண்டின் தன் தாய்நாட்டு அரசுரிமையைத் துறக்கிறான். மனைவியையும் இன்னொரு மகனையும் துறக்கிறான். இந்தத் தீபகற்பத்தின் அரசனாக டியனோராவோடு வாழத் துணிகிறான். இத்தனையையும் விட்டவன் அந்த மந்திரத்தை மட்டும் விடவில்லை. எதிரி மந்திரவாதியோடு மோதும்போது சக்தி போதாமல்தான் அது தளர்கிறது. ரூன் என்ற கோமாளி வருகிறானே, பிராண்டினின் மனநிலையை முகத்தில் காட்டியபடி உளறிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பவன்? அவன் உண்மையில் யார் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. போரில் செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய டிகானாவின் இளவரசன் வேலண்டின், அலெஸானின் தகப்பன். பல ஆண்டுகளாக ஒரு மனிதனின் அறிவைப் பிடுங்கிப் பொம்மையாக வைத்திருந்தவனைத்தான் நாம் ரசனைக்காரன் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கோமாளியின் கையால்தான் பிராண்டின் சாகிறான். காதல் உண்மை, கொடுமையும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல எனக்குத் தெரிந்து வழியில்லை.

இதே அளவுக்குப் பேசப்பட வேண்டிய ஒருவர் எர்லைன். வேறு மாகாணத்து மந்திரவாதி. டிகானாவின் இளவரசர்களுக்குத் தெய்வ வம்சத்தால் வந்த சக்தியைக் கொண்டு அலெஸான் அவனைத் தன்னோடு கட்டிப்போடுகிறான். தன் நாட்டின் விடுதலைக்காக இன்னொருவனின் விடுதலையைப் பறிக்கிறான். எர்லைன் ஆத்திரத்தோடு கத்துகிறான். அந்த ஆத்திரத்துக்கு அலெஸானிடம் பதில் இல்லை. அலெஸான் நல்லவன், காரியம் பெரிது என்று பல வாசகர்கள் இதைக் கடந்துபோகிறார்கள். கடந்துபோகக் கூடாது. அலெஸான் பிற்பாடு அவனை விடுவிப்பதும், விடுபட்டவன் தானாகவே உதவிக்கு வருவதும் முதலில் நடந்த அநியாயத்தை இல்லாமல் ஆக்கிவிடாது.

நாவல்மீது வேறு குறைகளும் சொல்லப்படுகின்றன. தொடக்கத்தில், அலெஸானின் சதியில் பங்குள்ள கேட்ரியானா இளம் பாடகன் டெவினை மயக்கும் காட்சி ஒட்டவில்லை என்பது சரிதான். உணர்ச்சி சில இடங்களில் அளவுக்கு மீறிப் பொங்குகிறது என்பதும் சரி.

பிராண்டின் செய்தது வெறும் கற்பனைக் கொடுமை என்றால் இந்த நாவல் இவ்வளவு தூரம் பயணித்திருக்காது. போலந்திலும் குரோவாசியாவிலும் கியூபெக்கிலும் வாசகர்கள் இதைத் தங்கள் கதையாகவே படித்தார்கள் என்று கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கே வாழும் டொராண்டோ நகரத்தில் ஈழத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் இந்த நாவலை எப்படிப் படிப்பார் என்று விளக்க வேண்டியதில்லை.

முடிவைப் பற்றியும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. டியனோரா கடலில் இறங்கிவிடுகிறாள். அவளுடைய தம்பி பேயர்ட் அலெஸானோடு அதே போர்க்களத்தில் இருந்தும் அக்கா அங்கேதான் இருந்தாள் என்று அறியவே இல்லை. கோமாளியின் உண்மை தெரிந்த, டியனோராவின் பணியாள் ஸ்கெல்டோ, அலெஸானிடம் வாய் திறப்பதில்லை. தகப்பன் இத்தனை காலம் எப்படி வைக்கப்பட்டிருந்தான் என்பது மகனுக்குத் தெரியாமலே போகிறது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று வாசகர்கள் மன்றாடுகிறார்கள். நினைவை மீட்பதற்காகப் போராடிய கதையில், முக்கியமான ஒரு நினைவை ஒருவன் இரக்கத்தால் புதைப்பது பொருந்தாது என்கிறார்கள். எனக்கும் அந்த இடம் நெருடுகிறது. ஆனாலும் ஸ்கெல்டோவின் இடத்தில் நின்று பார்த்தால், வெற்றி பெற்ற அன்று ஒரு மகனிடம் போய் அதைச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

கடைசிப் பக்கத்தில் டெவின், பேயர்ட், முதிய பிரபு ஸாண்ட்ரே மூவரும் வழியில் ஒரு நீர்த்தேவதையைக் காண்கிறார்கள். மூன்று ஆண்கள் சேர்ந்து அவளைக் கண்டால் ஒருவனுக்கு மரணம், ஒருவனுக்குப் பேறு, ஒருவனுக்கு வாழ்க்கைப் பாதை பிரியும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. யாருக்கு எது என்று சொல்லாமலே நாவல் முடிகிறது. கிழவர் ஸாண்ட்ரேவுக்கே மரணம் என்று பலரும் எளிதாகத் தீர்த்துவிடுகிறார்கள். டெவினுக்கு என்று வாதாடுவோரும் உண்டு. நான் டெவினை விட்டுக்கொடுக்க மாட்டேன். கேட்டது எதையும் மறக்காதவன் என்றுதான் கே அவனைப் படைத்திருக்கிறார். பெயர் திரும்பிவிட்டது. அது இல்லாத காலத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்ல, பாடத் தெரிந்த அந்த இளைஞன் உயிரோடு இருந்தாக வேண்டும்.