குடிமக்கள் இதழியல்: நீங்களும் ஒரு செய்தியாளரா?

‘சமூக ஊடகத்தின் நன்மை தீமைகள்’ என்று தலைப்பு வந்தால் நம்ம மாணவர்கள் பலர் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: நேரம் வீணாகும், கண் கெடும். இந்த முறை கொஞ்சம் வேறு பக்கம் பார்ப்போமா?

குடிமக்கள் இதழியல் என்றால் என்ன?

செய்தி நிறுவனத்தில் பணிபுரியாத ஒருவர், தான் நேரில் கண்டதைப் படம்பிடித்தோ எழுதியோ பொதுமக்களுக்குத் தெரிவிப்பதுதான் குடிமக்கள் இதழியல். தென்கொரியாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஓமைநியூஸ்’ இணையத்தளம், ஒவ்வொரு குடிமகனும் செய்தியாளரே என்பதைத் தன் முழக்கமாக வைத்தது.

ஏன் இது தேவை?

நிருபர் வந்து சேர்வதற்குள் சம்பவம் முடிந்துவிடும். அங்கே இருப்பவர் கையில் கைப்பேசி இருக்கும். 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைக் காவலர் முழங்காலால் அழுத்தியதைப் பதிவு செய்தவர் 17 வயது மாணவி. காவல்துறையின் முதல் அறிக்கையில் அந்த முழங்கால் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. காணொளி இல்லையென்றால் உண்மை வெளியே வந்திருக்குமா? 2021-இல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

நம் நாட்டையே பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, சிக்கியவர்கள் சமூக ஊடகத்தில் உதவி கேட்டார்கள். படகோடு போய் மீட்டவர்களில் பலர் சாதாரணத் தொண்டூழியர்கள்.

சிக்கல் எங்கே?

நிருபர் எழுதியதை ஆசிரியர் குழு சரிபார்க்கும். நம் பதிவை யார் சரிபார்ப்பது? ஒரு மழைக்காலத்தில், பாலம் இடிந்த காணொளி ஒன்றை நானே வகுப்புப் புலனக் குழுவில் பகிர்ந்துவிட்டேன். அது பழைய காணொளி; வேறு ஊர். அதற்குள் ஒரு மாணவியின் அம்மா, பதறிப்போய் மகளைத் தேடிக் கிளம்பிவிட்டார். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பகிரும் முன் கேளுங்கள்:

1. இதை எடுத்தவர் யார்? நேரில் கண்டவரா?
2. எப்போது, எங்கே எடுத்தது?
3. வேறு நம்பகமான ஊடகத்தில் வந்திருக்கிறதா?
4. அடிபட்டவர் முகம், வாகன எண், வீட்டு முகவரி தெரிகிறதா? அவர் குடும்பம் இதைப் பார்த்தால்?

ஐயம் இருந்தால், 2017-இல் தொடங்கப்பட்ட ‘செபெனார்ஞா’ அரசாங்க இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு இருப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தேர்வுக்கு

மாணவர்களே, கருத்தை மட்டும் எழுதாமல் ஓர் உண்மைச் சம்பவத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்களே, புலனத்தில் வந்த ஒரு செய்தியை வகுப்புக்குக் கொண்டுபோய், மேலே உள்ள நான்கு கேள்விகளையும் மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். அடுத்த முறை கை தானாகப் பகிரப் போகும்போது, ஒருவராவது நிறுத்தி யோசித்தால் அது நமக்கு வெற்றிதானே?