பச்சைப் புள்ளி விழாத அறை

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ காலையில்தான் அது கண்ணில் படும். சோளம் நிரப்பிய பையில் வெள்ளை இழை பாதி தூரம் இறங்கியிருக்கும். அதன் ஓரத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று. மறுநாள் அது ஒரு ரூபாய் நாணய அகலம் ஆகும். அதற்கடுத்த நாள் பை முழுக்கப் பாசி படர்ந்த குளம்போல் இருக்கும். காளான் வித்து தயாரிக்க இறங்கியவர்களில் இந்தப் பச்சையைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. வைக்கோல் படுக்கை போட்டுக் காளான் அறுத்து விற்பவர்களில் பலர் சொந்தமாக வித்து தயாரிக்கும் எண்ணத்தைக் கைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

காளானுக்கு நெல், கேழ்வரகு போல விதை கிடையாது. அரைவேக்காடாக வேகவைத்த சோளத்தின்மேல் காளானின் இழையை மட்டும் படரவிட்டு, அந்தச் சோளத்தையே விதையாகப் பயன்படுத்துகிறார்கள். அதைத்தான் வித்து என்கிறோம். தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற வேலை இது. நல்ல காளானின் உள்சதையிலிருந்து எடுத்த துணுக்கு கண்ணாடிக் குழாயில் வளரும். அதிலிருந்து தாய் வித்து, தாய் வித்திலிருந்து படுக்கை வித்து. ஒரு தாய் வித்துப் பையைக் கொண்டு ஏறக்குறைய 30 படுக்கை வித்துப் பைகளுக்கு உறை ஊற்றலாம். சிப்பிக்காளானில் ஒரு பை வித்து இரண்டு படுக்கைகளுக்குக் காணும். ஆக, தாய்ப் பை ஒன்றில் கலந்த அழுக்கு 60 படுக்கைகள் வரை போய்ச் சேரும். லேப் அறையில் இவ்வளவு கறார் காட்டுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல் கணக்குதான்.

1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற பால்காளான் ரகத்தை வெளியிட்டது. பெயரில் இருப்பது அருப்புக்கோட்டை. வெயில் காயும் ஊரிலும் விளையும் ரகம் என்பதால், காளான் என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த நினைப்பு மாறியது. சமவெளியில் படுக்கை போடுபவர்கள் பெருகினார்கள். ஆனால் வித்துக்கு மட்டும் பலர் இன்னும் அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்து ஏறுகிறார்கள். ஊருக்குள்ளேயே ஒரு நல்ல வித்துக்கூடம் இருந்தால் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பல பிழைக்கும்.

அப்படி ஒரு கூடம் அமைக்க என்ன வேண்டும்? கேட்டவுடன் பலரும் இயந்திரங்களின் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். அதற்கு முன்னால் எதிரி யார் என்று தெரிய வேண்டும்.

வெந்த சோளம் காளானுக்கு மட்டும் பிடித்த உணவில்லை. அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரு பாக்டீரியா பைக்குள் விழுந்தால், பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். காளான் இழைக்கோ ஒரு பையை நிரப்ப 15 நாளுக்கு மேல் ஆகும். ஓட்டப்பந்தயம் என்று வைத்தால் காளான் ஜெயிக்கவே முடியாது. போட்டியாளர் யாரும் களத்துக்கு வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவதும் இதே மாதிரியான கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தால்தான். அங்கே அது விருந்தாளி, இங்கே திருடன்.

பச்சைப் புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா. விவசாயிகளுக்கு இது தெரிந்த பெயர். வேரழுகல் வராமல் இருக்கத் தொழுவுரத்தில் கலந்து வயலில் இடுகிறோமே, அதே பூஞ்சைக் குடும்பம். மற்ற பூஞ்சைகளை அடக்கும் குணத்துக்காகத்தான் அதை விலை கொடுத்து வாங்குகிறோம். காளானும் பூஞ்சைதான் என்பதால் அதையும் அடக்கிவிடுகிறது. காலையில் வாழைக்கு டிரைக்கோடெர்மா இட்டவர் அதே சட்டையோடு வித்து அறைக்குள் போனால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பூஞ்சை பரப்பும் வித்துத்துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். அசையாத காற்றில் ஒரு மீட்டர் கீழே இறங்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்; இவற்றுக்கு ஆடிக்காற்று எதற்கு, ஒருவர் கதவைத் திறந்து மூடினாலே போதும், மறுபடி மேலே எழுந்துவிடும். கூட்டிப் பெருக்கி, பினாயில் போட்டுத் துடைத்து, கண்ணாடிபோல் பளபளக்கும் அறைகூட மின்விசிறி சுழலும்வரை வித்துக்கு ஆகாத அறைதான். தரையைவிடக் காற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

காற்றை அடக்க வழி இரண்டு. ஒன்று, அதை அசையாமல் வைப்பது. மரச்சட்டத்தில் கண்ணாடி பொருத்திய பெட்டியோ, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் தொட்டியோ போதும். கை நுழைய இரண்டு துளை. உள்ளே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அரைமணி நேரம் அப்படியே விட்டு, பிறகு நிதானமாகக் கைகளை நுழைத்து வேலை செய்தால் பெரும்பாலான பைகள் தப்பிவிடும். செலவு சொற்பம்.

இன்னொரு வழி, சுத்தமான காற்றை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே இருப்பது. இதைக் கண்டவர் வில்லிஸ் விட்ஃபீல்ட். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளராக இருந்தவர். ஒரு பருத்தி விவசாயியின் மகன். 1960 வாக்கில், நுண்ணிய இயந்திரப் பாகங்களில் தூசி படிந்து கெடுப்பதைத் தடுக்க அவரிடம் வழி கேட்டார்கள். அதுவரை அறையை இறுக்கமாக மூடி, உள்ளே உள்ள தூசியை உறிஞ்சி எடுப்பதுதான் வழக்கம். விட்ஃபீல்ட், வடிகட்டிய காற்றை அறை முழுக்க மெதுவாக, சுழல் இல்லாமல் ஓடவிட்டார். உள்ளே எழும் தூசியை அந்த ஓட்டமே வாரிக்கொண்டு போனது. அன்றைய சிறந்த தூய அறைகளைவிடத் துகள்கள் ஆயிரம் மடங்கு குறைந்தன. அணு ஆயுதத் தொழிலுக்காகப் பிறந்த அந்த யோசனை அறுவைசிகிச்சை அரங்குக்குப் போனது, சில்லு தயாரிக்கும் ஆலைக்குப் போனது, இன்று வித்துக்கூடத்து மேசைக்கும் வந்திருக்கிறது. லேமினார் ஃப்ளோ என்று சொல்லி விற்பது இதைத்தான்.

அதன் உயிர் ஹெபா ஃபில்டர். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கான தர அளவு. பூஞ்சையின் வித்து இதைப்போலப் பத்து மடங்கு பெரியது என்பதால் தப்ப வழியில்லை. ஆனால் மேசைமுன் உட்காருபவர் ஒன்றை மறக்கக் கூடாது: காற்று வரும் திசையில், திறந்த பைக்கு முன்னால் கை போகக் கூடாது. கையிலிருப்பதை வாரி நேராகப் பைக்குள் போடும் வேலையை அந்தச் சுத்தமான காற்றே செய்துவிடும்.

இனி அறை. உறை ஊற்றும் அறைக்கு 10க்கு 10 அடி போதும். பெரிதாக இருந்தால் சுத்தம் செய்யத்தான் கூடுதல் பாடு. ஓலை, ஓட்டுக்கூரையின்கீழ் வேண்டாம், கான்கிரீட் தளம் இருக்கட்டும். சுவருக்குக் கழுவினால் தாங்கும் எனாமல் பெயின்ட். தரையில் இடுக்கு அடைத்த டைல்ஸ். உள்ளே போகுமுன் சின்னதாக ஒரு முன்னறை, அதற்கும் ஒரு கதவு. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. விசிறியும் ஹெபாவும் வைத்து வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளினால் அறைக்குள் அழுத்தம் சற்றுக் கூடும். இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. வெளியே நின்று கதவின் அடி இடுக்கில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை நம் பக்கம் தள்ளிவர வேண்டும். உள்ளே இழுத்துக்கொண்டால் ஏற்பாடு தவறு.

காளான் விளையும் குடிசையை வித்து அறையோடு ஒட்டிக் கட்டுவது பலர் செய்யும் பிழை. முற்றிய சிப்பிக்காளான் புகைபோல வித்துகளை உதிர்க்கும். அடைத்த இடத்தில் நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவதுண்டு. பழைய படுக்கைகளும் அங்கேதான் கிடக்கும். அதனால் குடிசை தள்ளியே இருக்கட்டும், காற்று வீசிப்போகும் பக்கமாக. சோளம் வேகவைக்கும் ஈரமான இடமும் தனியாக வேண்டும்.

எல்லோரும் உறை ஊற்றும் நேரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் பல பைகள் அதற்கு முன்பே, ஆறும் நேரத்தில் கெட்டுவிடுகின்றன. ஆவியழுத்தத்தில் அவிக்கும் ஆட்டோகிளேவிலிருந்து இறக்கிய பை ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பஞ்சடைப்பு வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். அப்போது பை சமையலறை ஓரத்திலோ திண்ணையிலோ இருந்தால், அங்கே இருப்பதெல்லாம் உள்ளே போகும். நனைந்த பஞ்சு தடுப்பாக இருக்காது; பூஞ்சை அதன் வழியே வளர்ந்தே உள்ளே இறங்கிவிடும். எனவே நீரை உறிஞ்சாத பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் சுற்றி ரப்பர் பேண்ட் போட வேண்டும். இறக்கிய பைகள் நேராகச் சுத்தமான அறைக்குள் போய்த்தான் ஆற வேண்டும். ஒரு காசு செலவில்லாத திருத்தம் இது.

கிருமி நீக்கும் வேலையிலும் அவசரம் கூடாது. பாக்டீரியாக்களில் சில உறைகட்டிக்கொண்டு, கொதிக்கும் 100 டிகிரியையும் தாண்டி உயிரோடிருக்கும். அவற்றைக் கொல்ல 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும். சோளப் பையின் நடுவரை அந்தச் சூடு போய்ச்சேர வேண்டும் என்பதால் 20 பவுண்டில் இரண்டு மணி நேரம் வரை வைக்கிறார்கள். வால்வை மூடுமுன் உள்ளிருக்கும் காற்று முழுக்க ஆவியோடு வெளியேறியிருக்க வேண்டும்; காற்று கலந்திருந்தால் அழுத்த முள் சரியாகக் காட்டும், சூடு மட்டும் ஏறியிருக்காது. மலைமேல் இன்னும் கவனம் தேவை. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதே 15 பவுண்டை முள் காட்டினாலும் சூடு சமவெளியைவிடச் சில டிகிரி குறைவுதான்.

புறஊதா விளக்கை அளவுக்குமீறி நம்ப வேண்டாம். அதன் ஒளி நேராக விழும் இடம் மட்டுமே சுத்தமாகும், நிழலில் உள்ளது அப்படியே இருக்கும். குழலின் வீரியம் குறைந்த பின்னும் நீல வெளிச்சம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். வேலைக்கு முன் 20 நிமிடம் போட்டு, அணைத்த பிறகே ஆள் நுழைய வேண்டும். கண்ணையும் தோலையும் அது பொசுக்கும். ஃபார்மலினோடு பெர்மாங்கனேட் கலந்து அறைக்குப் புகை போடும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. அதிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்பது உறுதியான செய்தி. சின்ன அறைக்குள் நாள் முழுக்க வேலை செய்யப்போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்கள் நுரையீரலை விலையாகக் கொடுத்து வரும் சுத்தம் தேவையில்லை. 70 சதவீத ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதே மேசைக்கும் கைக்கும் போதும். நீர் கலந்தால்தான் அது கிருமிக்குள் நன்றாக இறங்கும். கலக்காத ஸ்பிரிட் அவ்வளவு வேலை செய்யாது. ஆனால் கையில் தொட்ட ஆல்கஹால் காய்வதற்குள் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தால் கை வெந்துவிடும்.

ஆளைப் பொறுத்தவரை விதிகள் எளியவை. குளித்துவிட்டு, துவைத்த உடையில், தலைக்குத் துணித்தொப்பியோடு வர வேண்டும். வளையல், மோதிரம் வெளியே. தலையில் பூ கூடாது. மல்லிகைக்குள் மகரந்தமும் ஈஸ்ட்டும் இருக்கும். உள்ளே பேச்சும் குறைய வேண்டும்.

அறை தேறியதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, கிருமி நீக்கித் தட்டுகளில் ஊற்றுகிறார்கள். அகர் என்பது மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கிடைக்கும் கடற்பாசிப் பண்டம்தான். சமையலறையிலிருந்த அதை ஆய்வகத்துக்கு எடுத்துக்கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸி என்ற பெண். 1881-ல், வெயிலில் ஜெலட்டின் உருகித் தவித்த தன் கணவருக்கு அவர் சொன்ன யோசனை அது. அந்தத் தட்டுகளை அறையின் நான்கு மூலையிலும் மேசையிலும் அரைமணி நேரம் திறந்துவைத்து மூடி, மூன்று நாள் கழித்து முளைத்த புள்ளிகளை எண்ணினால் எந்த மூலை மோசம் என்று தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை எண்ணி நோட்டில் குறித்துவைப்பவருக்கு, சிக்கல் வித்தில் தெரிவதற்கு முன்பே அறையில் தெரியும்.

கெட்ட பையும் சேதி சொல்லும். ஒரே நாளில் அவித்த எல்லாப் பையும் கெட்டால் அவித்ததில் குறை. ஒரு தாய் வித்திலிருந்து வந்தவை மட்டும் கெட்டால் அந்தத் தாய்ப் பையைத் தூக்கிப் போட வேண்டும். பஞ்சின் அடியிலிருந்து பச்சை இறங்கினால் ஆறும்போது கெட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் உறை ஊற்றும்போது காற்று. புளித்த வாடையோடு மணிகள் வழவழத்தால் பாக்டீரியா. இதெல்லாம் புரிய வேண்டுமானால் ஒவ்வொரு பையிலும் தேதியும் தாய்ப் பையின் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். கெட்ட பையை அறைக்குள் பிரிக்கவே கூடாது. அப்படியே மறுபடி அவித்து, பிறகு உரக்குழிக்கு.

வங்கிக் கடன் வாங்கி லேமினார் ஃப்ளோவுக்கு முன்பணம் கட்ட நினைப்பவர்கள், முதலில் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக் குக்கரும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் வைத்துப் பத்துப் பை போட்டுப் பாருங்கள். பதினெட்டாம் நாள் அதில் ஒன்பது பை வெள்ளையாக நின்றால் அறை கட்டலாம்.