வீட்டுத் தோட்டப் பூச்சிகள்: நச்சு மருந்தின்றிக் கட்டுப்படுத்துவது எப்படி?

மாடியில் வளரும் பத்துக் கத்தரிச் செடிகளுக்காகப் பூச்சிக்கொல்லிப் புட்டி ஒன்று வீட்டிற்குள் வருகிறது. ஒருமுறை தெளித்தபின், மீதமுள்ள மருந்து படிக்கட்டின் அடியிலோ பரணிலோ ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், ஆஸ்துமா நோயாளிகள், முதியோர் ஆகியோர் உள்ள இல்லங்களில் செடியைத் தாக்கும் பூச்சியைவிட இந்தப் புட்டியே பெரிய ஆபத்தாகும். சில செடிகள் மட்டும் உள்ள தோட்டத்திற்கு இம்மருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பூச்சிக்கொல்லி உடலில் என்ன செய்கிறது?

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள், நரம்புகளின் செயலுக்குத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் என்னும் நொதியைத் தடுக்கின்றன. பூச்சியைக் கொல்வதும் மனிதரைப் பாதிப்பதும் இதே வழியில்தான். இவை வாய், தோல், மூச்சு ஆகிய மூன்று வழிகளிலும் உடலுக்குள் செல்லும்.

2013ஆம் ஆண்டு பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையலுக்குப் பயன்படுத்திய எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. உணவுப்பொருளும் பூச்சிக்கொல்லியும் ஒருபோதும் அருகருகே இருத்தல் கூடாது என்பதற்கு இத்துயரமே சான்று.

செடிகளைக் காக்கும் எளிய வழிகள்

• நாள்தோறும் காலையில் இலைகளின் அடிப்புறத்தைப் பாருங்கள். முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். புழுக்களைக் கையுறை அணிந்து பொறுக்கிச் சோப்பு நீரில் இடுங்கள்.

• அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றை வேகமான நீர்ப்பாய்ச்சலால் கழுவிவிடலாம்.

• கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கக்கூடும். வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி, புழுவுடன் அழித்துவிடுங்கள்.

• வெள்ளை ஈக்கு மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

• பாகல், புடலை ஆகியவற்றின் பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடினால் பழ ஈ முட்டையிடாது. சொத்தையாகி உதிர்ந்த காய்களை ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

• பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியை உண்பவை. அவற்றைக் கொல்லாதீர்கள்.

• இவற்றால் கட்டுப்படாதபோது, இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமைத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். காய்களை நன்கு கழுவியபின் சமையுங்கள்.

இயற்கைப் பொருளிலும் எச்சரிக்கை தேவை

வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அதனைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். புகையிலைக் கரைசலைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உட்செல்லும் கடும் நச்சாகும். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். தெளிக்கும்போது அவர்கள் அருகில் இருத்தல் கூடாது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோரும் மட்கிய உரத்தைக் கிளறுதல் கூடாது. அதிலுள்ள பூஞ்சை வித்துகள் நுரையீரலில் தொற்றை ஏற்படுத்தலாம். நீரிழிவு நோயாளிகள் காலணியின்றித் தோட்டத்தில் நடக்க வேண்டாம். தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும்.

வீட்டில் ஏற்கெனவே பூச்சிக்கொல்லி இருந்தால்

அதனைக் குடிநீர்ப் புட்டிக்கோ வேறு கலனுக்கோ மாற்றாதீர்கள். லேபிளுடன் கூடிய அதே கலனில், சமையலறைக்கு வெளியே, பூட்டிய இடத்தில் வையுங்கள். லேபிளில் உள்ள சிவப்பு முக்கோணம் மிகக் கடுமையான நச்சைக் குறிக்கும். சாக்கடையிலோ கிணற்றருகிலோ ஊற்றாமல், அகற்றும் முறையை வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டறியுங்கள். காலிக் கலனை எதற்கும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். மன உளைச்சலில் உள்ளவர் இருக்கும் இல்லத்தில் பூச்சிக்கொல்லியை வைத்திருக்கவே கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

நச்சு உடலில் பட்டாலோ உட்சென்றாலோ

மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், தசைத் துடிப்பு, கண்மணி சுருங்குதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

• அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.
• நச்சுப் பட்ட ஆடைகளைக் களைந்து, தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். உதவி செய்பவர் கையுறை அணிய வேண்டும்.
• கண்ணில் பட்டிருந்தால் தூய நீரால் தொடர்ந்து கழுவுங்கள்.
• வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புக் கரைசல், புளிக் கரைசல், பால் எதுவும் புகட்டாதீர்கள்.
• மயங்கியிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
• மருந்துக் கலனை லேபிளுடன் பாதுகாப்பாக மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். எந்த நச்சு என்பது தெரிந்தால் சிகிச்சையை விரைவில் தீர்மானிக்க இயலும்.

இலையில் சில ஓட்டைகள் இருப்பதால் காயின் சத்துக் குறைந்துவிடாது. அவற்றைப் பொறுத்துக்கொள்வது, நோயுற்றோர் வாழும் வீட்டில் நச்சுப் புட்டி ஒன்றை வைத்திருப்பதைவிட நன்று.