கேட்க ஆளில்லாத ஆகாயம்

இறக்கை முளைத்தவர்கள் – 12

போன வாரம் கிராண்ட் கேன்யன் மேலே நடந்த மோதலில் நிறுத்தியிருந்தேன். 1956 ஜூன் 30. இரண்டு பயணிகள் விமானங்கள், 128 உயிர்கள். அந்த அதிர்ச்சியில்தான் வானத்தை மேய்க்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1958-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு காக்காகூட டவரைக் கேட்காமல் பறக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் இல்லை.

பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் அங்கே ஏறக்குறைய 5,000. கட்டுப்பாட்டு டவர் உள்ளவை சுமார் 500. மீதி ஊர்களில் ஓர் ஓடுபாதை, கம்பத்தில் காற்றை வாங்கி ஆடும் ஆரஞ்சுத் துணிப்பை, நாலைந்து தகரக் கொட்டகைகள், சிலவற்றில் பெட்ரோல் போட ஒரு பம்ப். 'இறங்கலாம்' என்று சொல்ல ஆள் கிடையாது. 'இறங்காதே' என்று சொல்லவும் கிடையாது. வானம் தெளிவாக இருந்தால், கொட்டகையிலிருந்து தன் குட்டி விமானத்தைக் கையால் தள்ளி வெளியே எடுப்பவர், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் இருநூறு மைல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். நம் நாட்டில் பொதுவாக வான் பாதுகாப்பு அனுமதி எண் கைக்கு வராமல் சக்கரம் தரையைவிட்டு எழும்ப முடியாது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இது ஏதோ அராஜகம் மாதிரிதான் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

வாருங்கள், ஒரு செஸ்னா 172-இல் பைலட்டுக்கு வலப்பக்கத்து இருக்கையில் உங்களை உட்கார வைக்கிறேன். இல்லினாய் மாநிலம், மிசிசிப்பி ஆற்றங்கரை, குவின்சி என்ற ஊர். டவர் இல்லை. பத்து மைல் இருக்கும்போதே பைலட் பட்டனை அழுத்திப் பேசுகிறார்: "குவின்சி டிராஃபிக், செஸ்னா 172, வடக்கே பத்து மைல், 13-ஆம் ஓடுபாதையில் இறங்க வருகிறேன், குவின்சி." ஊர்ப்பெயரை முன்னும் பின்னும் சொல்வதில் காரணம் இருக்கிறது. ஒரே அலைவரிசையைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. முதலில் தவறவிட்டவன் கடைசியிலாவது எந்த ஊர் என்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பதில் வர வேண்டியதில்லை. கொல்லிமலை ஏறும்போது எழுபது கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் ஹாரன் அடிக்கிறாரே, யாரிடமாவது அனுமதி கேட்டா அடிக்கிறார்? 'நான் வருகிறேன்' என்கிறார், அவ்வளவுதான். எதிரிலிருந்து ஹாரன் வரவில்லை என்பதால் யாருமே இல்லை என்று அர்த்தமில்லை. மாடு வரலாம். மாட்டுக்கு ஹாரன் கிடையாது.

இந்த வானத்தின் மாடு, பைப்பர் கப். 1938 முதல் 1947 வரை சுமார் 20,000 செய்து தள்ளிய மஞ்சள் நிற விமானம்; இன்றும் பறக்கிறது. பேட்டரி, ஜெனரேட்டர் எதுவும் இல்லை. ஒருவர் முன்னால் நின்று இறக்கைச் சுழலியைக் கையால் இழுத்துவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்புவார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மீட்டர் கிடையாது. டாங்குக்குள் ஒரு தக்கை மிதக்கிறது. அதில் குத்திய கம்பி மூடியின் ஓட்டை வழியாகக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். மின்சாரமே இல்லாத வண்டியில் ரேடியோ எங்கிருந்து வரும்? டவர் இல்லாத இடங்களில் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

பேசாதவனும் பேசுபவனும் ஒரே பாதையில் இறங்கியாக வேண்டும். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு செவ்வகம் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட். இடப்பக்கம் திரும்பினால் பேஸ். இன்னொரு முறை இடப்பக்கம் திரும்பினால் ஃபைனல், நேர் எதிரே ஓடுபாதை. நாம் கோயிலில் சாமியை வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிறோம்; இங்கே வழக்கம் அப்பிரதட்சிணம். பைலட் இடது இருக்கையில் இருப்பதால் ஓடுபாதை அந்தப் பக்கம் இருந்தால்தான் கண்ணுக்கு வசதி. யார் எங்கே இருப்பார்கள் என்று தேட வானம் முழுக்கத் துழாவ வேண்டாம். செவ்வகத்தின் நாலு பக்கத்தைப் பார்த்தால் போதும்.

நடுவழிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் போனால், கிழக்கே போகிறவர் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500, மேற்கே போகிறவர் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. மற்றபடி நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வந்தால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி.

இதில் எனக்குப் பயம் தருவது பேச ஆளில்லாதது அல்ல. பேச்சு இருந்தும் நடந்ததுதான்.

1996 நவம்பர் 19, சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு, அதே குவின்சி. பத்துப் பயணிகளோடு ஒரு பீச் 1900 விமானம் 13-ஆம் ஓடுபாதையில் இறங்க வருகிறது. அதைக் குறுக்கே வெட்டும் 4-ஆம் ஓடுபாதையின் முனையில் கிங் ஏர் என்ற இரட்டை இன்ஜின் விமானம். அதன் பின்னால் சின்ன செரோக்கி ஒன்று. வருகிறவர்கள் ரேடியோவில் ஒழுங்காகக் கேட்டார்கள்: கிங் ஏர், நிற்கப் போகிறீர்களா, கிளம்பப் போகிறீர்களா? பதில் வந்தது. காத்திருக்கிறேன் என்றது. ஆனால் பேசியது செரோக்கி. அந்தப் பேச்சு, நடுவே பீச் விமானத்துக்குள்ளிருந்த எச்சரிக்கைக் கருவி, தரைக்கு இன்னும் இருநூறு அடி என்று உரக்கச் சொன்னதில் கொஞ்சம் அமுங்கிப்போனது. கிங் ஏர் வாயே திறக்கவில்லை. இவர்கள் அதுதான் பேசியது என்று நினைத்துச் சக்கரத்தைத் தரையில் வைத்தார்கள். கிங் ஏர் ஓட ஆரம்பித்திருந்தது. ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதல். பீச்சில் இருந்தவர்கள் மோதலில் பிழைத்தும், கதவு திறக்காமல் தீயிலும் புகையிலும் போனார்கள். இரண்டு விமானத்திலுமாக 14 பேர். கிங் ஏர் பைலட்டுகள் அலைவரிசையைக் கவனிக்கவோ சுற்றிலும் பார்க்கவோ தவறினார்கள் என்றது விசாரணை.

2022 ஆகஸ்ட் 18, கலிபோர்னியாவின் வாட்சன்வில். அங்கேயும் டவர் இல்லை. இரண்டு பைலட்டுகளும் பேசிக்கொண்டார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்டது. செவ்வகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது செஸ்னா 152. நேராக நுழைந்தது செஸ்னா 340, இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில். பின்னால் வேகமாக வருகிறாரே என்று உணர்ந்து சின்ன விமானம் இறங்காமல் விலகப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. மூன்று பேர். இறங்குபாதையில் இருப்பவருக்கு முன்னுரிமை என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எந்த வேகத்தில் வந்து அதைக் கேட்கலாம் என்பது பைலட்டின் விவேகத்துக்கு விட்டது.

சரி, கண்ணை நம்பலாமா? கண்ணுக்கும் ஒரு கோளாறு உண்டு. அசைகிற பொருளைத்தான் அது சட்டென்று பிடிக்கும். உங்கள் மேல் மோத வருகிற விமானமோ கண்ணாடியில் அசையாது. ஒரே இடத்தில் ஒரு புள்ளி, அடிபட்டு ஒட்டிய பூச்சி மாதிரி, கடைசி வரை அப்படியே இருந்துவிட்டு ஒரேயடியாகப் பெரிதாகும். நூறு நாட் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் ஒரு கிலோமீட்டர் இடைவெளியைப் பத்து நொடிக்குள் தின்றுவிடும். பார்த்து, புரிந்து, திருப்பி, விமானம் உண்மையில் விலக 12.5 நொடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. அதனால்தான் நல்ல பைலட் அசையாத புள்ளியைத்தான் தேடுவார். பூச்சியா இல்லையா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

2020 முதல் பெரிய நகரங்களின் வான்வெளியில் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி கட்டாயமாகிவிட்டது. சின்னத் திரையில் அக்கம்பக்கத்து விமானங்கள் புள்ளிகளாகத் தெரிகின்றன. நல்ல வசதிதான். ஆனால் மின்சாரம் இல்லாமல் பிறந்த நம் மஞ்சள் மாட்டுக்குப் பெரும்பாலும் விலக்கு. திரையைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு அது கடைசி வரை தெரியாது.

ராத்திரி எப்படி என்று கேட்பீர்கள். ஆளில்லாத ஊரில் விளக்குப் போட யார் இருக்கிறார்கள்? பேசுகிற அதே பட்டன்தான். பைலட் பேசாமல், ஐந்து நொடிக்குள் ஏழு தரம் 'டிக் டிக்' என்று அழுத்துகிறார். கீழே சோளக்காட்டு இருட்டில் இரண்டு வரிசை விளக்குகள் குப்பென்று எரிகின்றன. ஐந்து தரம் அழுத்தினால் நடுத்தர வெளிச்சம். மூன்று தரம் என்றால் மங்கல். இறங்கி, கொட்டகை வரை உருட்டிக்கொண்டு போய், இன்ஜினை அணைத்து, இறக்கையைக் கயிற்றால் கட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் பக்கம் நடக்கும்போது அவருக்குப் பின்னால் விளக்குகள் தாமாகவே அணைகின்றன. எரிந்ததிலிருந்து பதினைந்து நிமிடம்.

(தொடரும்)